நான்கு சுவருக்குள் ஓர் அழுகை

ஸ்டோக்
சாம்பல் புதனுக்கு மறுநாள், எட்வர்ட் அரசரின் பன்னிரண்டாம் ஆண்டு

மைத்துனியார் இடோனியா அவர்களுக்கு, ஸ்டோக் பிரபு சர் ஹாமோ வாழ்த்துச் சொல்லி எழுதுவது. (வாழ்த்து என்பது என் எழுத்தர் வால்ட்டரின் சொல். கடிதம் என்றால் அது இருந்தாக வேண்டுமாம்.)

என் மனைவி அமிசியா பிரசவத்தில் இறந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். தங்கைக்குத் துணையாக வந்த நீங்கள் இன்னும் ஆல்டர்கோட் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை என்று என் காரியஸ்தன் ராஃப் சொல்கிறான். கிளம்பாதது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆட்டுப்பட்டிக்குப் புதுக் கூரை போட ஆள் வைத்திருக்கிறீர்களாம். வாத்துக் குளத்தைத் தூர்வாரச் சொன்னீர்களாம். யார் வீட்டுக்கு யார் கூரை போடுவது?

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. உங்கள் அப்பா தன் நிலத்தை இரண்டாகப் பிரித்தார். மேட்டு நிலம் மூத்தவளான உங்களுக்கு, ஆல்டர்கோட் இளையவளுக்கு. இளையவள் பிள்ளை இல்லாமல் போனால் அவள் பங்கும் மூத்தவளுக்கே. சரியான கணக்குத்தான். ஆனால் பாதிக் கணக்கு. மீதிப் பாதியை வால்ட்டர் நேற்று எனக்கு வாசித்துக் காட்டினான்: மனைவிக்கு ஒரு பிள்ளை உயிரோடு பிறந்து, அதன் அழுகை நான்கு சுவருக்குள் கேட்டிருந்தால் போதும். மறுகணமே பிள்ளை போகட்டும், தாய் போகட்டும். அவள் நிலம் கணவனின் ஆயுள் முழுக்கக் கணவனுக்கே. இந்த நாட்டில் மட்டும் உள்ள வழக்கம். கடலுக்கு அந்தப் பக்கம் கிடையாதாம். நல்ல நாட்டில்தான் பிறந்திருக்கிறேன்.

என் பிள்ளை அழுதது. கேட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே பாஸ்காவுக்குள் மூட்டையைக் கட்டுங்கள். உங்கள் ஆட்டு வாடை திரைச்சீலைகளில் ஏறுவதற்கு முன்பு என்றால் இன்னும் நல்லது.

ஹாமோ


ஆல்டர்கோட்
தவசுக் காலத்தின் முதல் ஞாயிறு

மைத்துனர் சர் ஹாமோ அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அடுப்படியில் நின்று வாசித்தேன். புகைக்குக் கண்ணில் நீர் வந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

என் பட்டியில் ஒவ்வொரு வசந்தத்திலும் முந்நூறு குட்டிகள் விழுகின்றன. சில குட்டிகள் கத்தும், சில கத்தாது. கத்தாததை மேய்ப்பன் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டிப் பார்ப்பான், பிறகு வைக்கோலில் சுற்றுவான். இருபத்து மூன்று நாள் கழித்து அவன் ஓடி வந்து, "அம்மா, அன்னிக்குச் செத்த குட்டி கத்துச்சுன்னு இப்பத்தான் ஞாபகம் வருது" என்றால், அவனை நான் வேலையை விட்டு அனுப்பிவிடுவேன். பிரபுக்களை யாரும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. அதனால்தான் அவர்களுக்கு ஞாபகம் இப்படி வேலை செய்கிறது.

அன்று நடந்ததை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெழுகுவர்த்தித் திருநாளுக்கு முந்தின நாள், மதியம். நான் மாடியில் என் தங்கையின் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கீழே கூடத்தில் கில்பர்ட் சாமியார் உங்களிடம் கேட்டார்: "ஐயா, புள்ள உசுரோட பொறந்துச்சா?" நீங்கள் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்களாம்: "செத்துத்தான் பொறந்துச்சு சாமி. வெளியில எங்கயாவது வச்சிருங்க."

செத்துப் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண் இல்லை. அமிசியா கோவிலுக்குள் பீடத்தின் அருகே கிடக்கிறாள். அவள் பெற்றது கோவிலின் வடக்கு வேலிக்கு வெளியே, மறுநாள் திருநாளுக்கென்று வைத்திருந்து காலி செய்த ஒரு மெழுகுவர்த்திப் பெட்டிக்குள் கிடக்கிறது. அங்கே போட்டது உங்கள் வாய். இப்போது அதே வாய், அழுதது என்கிறது. இருபத்து மூன்று நாள் செத்துக் கிடந்த பிள்ளை, வால்ட்டர் சட்டம் வாசித்ததும் அழுதிருக்கிறது.

உங்கள் வீட்டு நிலங்கள் வந்த வழியை எண்ண எனக்கு ஒரு கை விரல்கள் போதும். ஸ்டோக் எப்படி வந்தது? உங்கள் தாத்தா, அரசர் கடல் கடக்கும்போது வாந்தி எடுத்தால் பாத்திரம் பிடிக்கும் சேவைக்காகப் பெற்றார். சதுப்பு நிலம்? உங்கள் அப்பா அறுபது வயது விதவையைக் கட்டி, அந்த அம்மாளின் இருமலை ஒரு குளிர்காலம் பொறுத்துக்கொண்டு பெற்றார். கிரெண்டன்? தகப்பன் இல்லாத ஒருவனுக்கு நீங்கள் காப்பாளர். அவன் வயதுக்கு வருவதற்குள் அங்கே ஓர் ஓக் மரமும் நிற்கவில்லை. வாந்தி, இருமல், கோடரி. உங்கள் கேடயத்தில் சிங்கம் எதற்கு? இந்த மூன்றையும் வரையச் சொல்லுங்கள்.

நான்காவதாக ஆல்டர்கோட்டை ஓர் அழுகையால் பிடிக்கலாம் என்று பார்க்கிறீர்கள். நான் பிறந்த வீடு இது. என் மூத்தவன் பெயினுக்குப் பதினேழு வயது. மேட்டு நிலத்தில் கல்லும் ஆடும் தவிர எதுவும் விளையாது. இதை விட்டு நான் நகர மாட்டேன். கூரை வேலை நாளை முடிகிறது.

இடோனியா


ஸ்டோக்
மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்தின நாள்

மைத்துனியார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வால்ட்டர் எனக்கு வாசித்துக் காட்டும்போது இரண்டு இடங்களில் இருமினான். சிரிப்பை மறைக்கிறான் என்று கண்டுபிடித்தேன். அவனுக்கு இந்த வாரம் முழுக்க உப்பு மீன் மட்டும்தான்.

என் தாத்தாவின் பாத்திரத்தைப் பற்றிப் பேச உங்களுக்குத் தகுதி இல்லை. அவர் பதினொரு முறை அரசரோடு கடல் தாண்டினார். பதினொரு முறையும் ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை. உங்கள் கணவர் எந்த அரசரோடு எங்கே போனார்? ஒரே ஒரு போட்டிக்குப் போனார். அங்கும் எதிராளி வருவதற்கு முன்பே, குதிரை ஏறும்போதே விழுந்தார். அவர் இறந்தபோது ஊரில் எல்லோரும் குதிரையைத்தான் விசாரித்தார்கள்.

இன்னொன்று. அந்த வெள்ளிப் பாத்திரம் இன்னும் ஆல்டர்கோட்டில் இருக்கிறது. நான் எங்கே தங்கினாலும் அது என்னோடு வந்து கூடத்துச் சுவரில் தொங்கும். அன்று மருத்துவச்சி கோட்லீவ் வெந்நீருக்கென்று அதை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். பிறகு இறங்கி வரவே இல்லை, பாத்திரத்தைச் சொல்கிறேன். என் குடும்பத்தின் மானம் அது. துடைத்து அனுப்புங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அரசரின் நில அதிகாரி புனித யோவான் திருநாளுக்கு முந்தின நாள் ஆல்டர்கோட் கோவிலுக்கு வருகிறார். அந்தச் சுற்றுவட்டாரத்தின் பெரிய குடியானவர்கள் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வார்கள்: பிள்ளை அழுததா, இல்லையா? என் சாட்சிகள் மூன்று பேர்: சமையற்காரன் ஹோப், ராஜாளி பழக்கும் தர்ஸ்டன், காரியஸ்தன் ராஃப். மூவரும் ஆண்கள். ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விசாரணையில் பெண்களின் வாய்க்கு இடமில்லை. பிரசவ அறைக்குள் நீங்கள் இருந்தீர்கள், மருத்துவச்சி இருந்தாள், இருந்தும் பயனில்லை. சுவருக்கு வெளியே நின்ற ஆணின் காதுதான் செல்லும். நான் எழுதிய சட்டம் இல்லை. எழுதச் சொல்லியிருந்தால் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஹாமோ


ஆல்டர்கோட்
குருத்து ஞாயிறு

மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் மூன்று காதுகளையும் போய்ப் பார்த்தேன்.

ராஃபைப் பற்றிப் பேச வேண்டாம். அன்று அவன் ஸ்டோக்கில் இருந்தான். இங்கிருந்து ஏழு மைல். ஏழு மைலுக்குக் கேட்கும் பிள்ளை என்றால் அதை அரசரே தத்தெடுத்திருப்பார், படைக்குக் கொம்பு ஊத.

தர்ஸ்டனின் இடப்பக்கம் நின்று, "புள்ள அழுததக் கேட்டியாப்பா?" என்றேன். "ஆமாம்மா, ரெண்டு ராஜாளிக்கும் சிறகு நல்லா வளந்திருச்சு" என்றான்.

பிறகு ஹோப். அவன் நல்லவன், பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் மாவு பிசைந்துகொண்டே பேசினான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்பா ஹோப், புள்ள அழுததக் காதால கேட்டியா?"

"கேட்டேம்மா. ஸ்டோக் ஐயா கேட்டியான்னு கேட்டாரு, ஆமான்னேன்."

"எங்க நின்ன?"

"முத்தத்துல."

"முத்தத்துல என்ன பண்ணின?"

"மறுநா திருநாளாச்சேம்மா. பன்னி அறுத்தோம். எல்லாரும் அங்கதான நின்னாங்க."

"அப்ப கேட்டது பன்னியா, புள்ளையா?"

ஹோப் பிசைவதை நிறுத்தினான். "கொஞ்ச நேரம் ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருந்துச்சு."

இதுதான் உங்கள் சாட்சியம். ஒரு பிரபு, ஒரு பன்றியின் கடைசிக் கத்தலைத் தன் பிள்ளையின் முதல் அழுகை என்று சொல்லி நிலம் கேட்கிறார். தாத்தா வாந்தியோடு நிறுத்திக்கொண்டார். நீங்கள் குடும்பத்தை ஒரு படி மேலே கொண்டுபோகிறீர்கள்.

பாத்திரத்தை அனுப்ப மாட்டேன். காரணம் கேட்க வேண்டாம்.

இடோனியா


ஸ்டோக்
பாஸ்காவுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு

இடோனியா,

வால்ட்டரை வெளியே அனுப்பிவிட்டு நானே எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், சிரித்துக்கொள். "அவர்களுக்கு", "மைத்துனியார்", "நீங்கள்" இதெல்லாம் அவன் போடுவது. என் கைக்கு வராது.

உன் கடிதத்தைப் பத்து முறை வாசிக்கச் சொன்னேன். உன்னைப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். கல்யாண நாளிலேயே என் நாய்களைப் பார்த்து மூக்கைப் பொத்தினாய். உன் வாய் கசாப்புக் கடைக் கத்தி. ஆனால் பன்றியைப் பற்றி எழுதினாயே, அது சரி. ஹோப் கேட்டது பன்றிதான். மூன்று பேரும் பொய். நான்தான் சொல்லச் சொன்னேன்.

ஏன் பொய் தேவைப்பட்டது என்றால், உண்மையைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான்.

எல்லோரும் பன்றியைப் பார்க்க முற்றத்துக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் நான் மட்டும். விலாங்கு மீன் வைத்துச் சுட்ட ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். மேலே அழுகை கேட்டது. பன்றி இல்லை. பன்றி வெளியே, இது என் தலைக்கு மேலே, பலகைக்கு அந்தப் பக்கம். மூன்று முறை. சின்னச் சத்தம், கதவு கிரீச்சிடுகிற மாதிரி. எழுந்திருக்கத்தான் நினைத்தேன். சாமி சத்தியமாக நினைத்தேன். பிறகு, பெண்கள் கூட்டம், தண்ணி, துணி, எல்லாம் ஒழுங்கானதும் கூப்பிடுவார்கள், ரொட்டியை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். முடித்தேன். படிக்கட்டு அருகே போனபோது மேலே சத்தமில்லை. கோட்லீவ் இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

சாமியார் கேட்டபோது நான் என்ன சொல்வது? ஒரு பையன் மூன்று முறை கூப்பிட்டான், அப்பன் விலாங்கு தின்றுகொண்டிருந்தான் என்றா? செத்துப் பிறந்த பிள்ளைக்கு அப்பன் ஓடி வர வேண்டியதில்லை. அதனால் அப்படிச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு வேலி உண்டு, பெட்டி உண்டு என்று அப்போது தோன்றவில்லை. சட்டமும் தெரியாது. தெரிந்தபோது, நிலம் போகக் கூடாது என்று தோன்றியது. அதையும் மறைக்கவில்லை.

என் சொல் செல்லாது. நான் வழக்காளி. நீ அறைக்குள் இருந்தாய். உனக்குத் தெரியும். விசாரணைக்காகக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்கிறேன்: அழுதானா?

ஹாமோ


ஆல்டர்கோட்
பெந்தெகொஸ்தேவுக்கு முந்தின வியாழன்

மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். கோழி கிளறிய குப்பையில் இதைவிட ஒழுங்கு இருக்கும்.

மூன்று ஆட்களைப் பொய் சொல்லப் பழக்கியவர், நான்காவதாகத் தன்னையே பழக்கிக்கொண்டிருக்கலாம். ரொட்டி, விலாங்கு என்று விவரம் சேர்த்தால் பொய்க்குக் கை கால் முளைக்கும். சந்தையில் நொண்டி மாட்டை விற்பவனும் அதன் தாயின் பெயர்வரை சொல்வான்.

பெண்களின் வாய்க்கு இடமில்லை என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நல்லது. என் வாய் அந்த இடமில்லாத இடத்திலேயே இருக்கட்டும்.

இடோனியா


ஆல்டர்கோட்
புனித பேதுரு பவுல் திருநாள்

மைத்துனர் அவர்களுக்கு,

விசாரணை முடிந்து ஆறு நாள் ஆகிறது. நீங்கள் கோவிலுக்குள் அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பெண் என்பதால் வாசலுக்கு வெளியே, பிரார்த்தனைக்கு வந்த யாரோ கட்டிவிட்டுப் போன கழுதையோடு நின்றேன். என்ன நடந்தது என்று நீங்கள் பார்த்தீர்கள். ஏன் நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எழுதுகிறேன். நன்றி சொல்லிப் பதில் எழுத வேண்டாம். உங்களிடமிருந்து வந்தால் அதைக் கழுவித்தான் உள்ளே எடுக்க வேண்டியிருக்கும்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்பு காலையில் கோட்லீவ் ஓடி வந்தாள். "அம்மா, வடக்கு வேலி ஓரமா பன்னி கிளறுது."

நான் பட்டிக் கம்போடு ஓடினேன். இரண்டு பன்றிகள், ஹோப்புடையவை. மண்ணை முழங்கை ஆழம் தோண்டியிருந்தன. பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. மெழுகுவர்த்தி வியாபாரியின் குறி, மூன்று சுடர், இன்னும் அழியவில்லை. நான் அடித்த அடியில் கம்பு உடைந்தது. ஒரு பன்றிக்கு இப்போதும் நடக்க வரவில்லை.

கோட்லீவ் மண்ணைக் கையால் தள்ளி மூடினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க சொன்னதுக்காக நான் இத்தன நாள் வாயத் தொறக்கல அம்மா. செத்தாலும் தொறக்க மாட்டேன். ஆனா அந்தப் புள்ள வாயத் தொறந்துச்சே. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

ஆம். அழுதான். நீங்கள் எண்ணியது சரி, மூன்று முறை. நிறம் நீலமாக இருந்தது. சாமியாரைக் கூப்பிட நேரம் இல்லை என்று கோட்லீவ் என்னைப் பார்த்தாள். அவசரத்துக்கு யார் ஊற்றினாலும் ஞானஸ்நானம்தான். கைக்கு எட்டியது உங்கள் வெள்ளிப் பாத்திரம், அதில் வெந்நீர். அள்ளித் தலையில் ஊற்றினேன், பெயர் சொல்லி, தந்தை மகன் தூய ஆவி பெயரால் என்று முடித்தேன். முடிக்கும்வரை இருந்தான். அமிசியாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருந்தாள்.

நான் கீழே வந்தபோது உங்கள் சொல் முந்தியிருந்தது. பெட்டி வேலிக்கு வெளியே போயிருந்தது. "இல்லை சாமி, நான் தண்ணீர் ஊற்றினேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நொடியில், என் அப்பாவின் கூடத்தில் நின்றுகொண்டு, அப்பா வீட்டு வழக்குகளில் சிறு வயதிலிருந்து கேட்ட சட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. உங்களுக்கு வால்ட்டர் வேண்டியிருந்தது, எனக்கு வேண்டியிருக்கவில்லை. அழவில்லை என்றால் ஆல்டர்கோட் என்னுடையது. வாய் தானாக மூடிக்கொண்டது. கோட்லீவையும் வாயை மூடச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. உங்கள் பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். நாலு மாதம் அங்கே உட்கார்ந்துதான் உங்களை இகழ்ந்து கடிதம் எழுதினேன்.

வேலியிலிருந்து நேரே கில்பர்ட் சாமியாரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் தாடையைத் தடவினார்.

"ஏம்மா இத்தன நாள் சொல்லல?"

"நிலத்துக்காக சாமி."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

"பன்னிக்காக."

அவர் கோவில் சாவியை எடுத்தார். அன்று மதியமே பூசை வைத்து, அமிசியாவின் மேலிருந்த கல்லைத் தூக்கி, பெட்டியை அவள் இடப்பக்கம் வைத்தோம். கல்லைத் திரும்ப வைத்தபோது சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. விசாரணை நாளன்றும் அது முழுக்கக் காயவில்லை. பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஹோப் எழுந்து தன் பன்றிக் கதையை ஆரம்பிக்க, அதிகாரி, "நீ உக்காருப்பா" என்றதும், கல்லைக் காட்டிச் சாமியாரிடம் கேட்டதும் வாசல்வரை கேட்டது.

"இதுக்குக் கீழ யாரு சாமி?"

"தாயும் புள்ளையும்."

"செத்துப் பொறந்த புள்ளைய உள்ள வைப்பீங்களா?"

"வைக்க மாட்டோம்."

ஒரு வால்நட் உடைக்கும் நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் வாயை நம்பக் கூடாது. அவள் வைத்த கல்லை நம்பலாம். பிள்ளை அழுதது. ஆல்டர்கோட் உங்கள் ஆயுள் முழுக்க உங்களுக்கு.

சொன்னால் இது இப்படித்தான் முடியும் என்று தெரிந்தேதான் சொன்னேன். மேட்டு நிலத்துக்கு வண்டி கட்டச் சொல்லியிருக்கிறேன். அறுவடைக்குள் போய்விடுவேன். பெயின் என்னோடு பேசுவதில்லை. அவனுக்குப் பதினேழு வயதுதான், உங்களுக்கு ஐம்பத்து மூன்று. உங்களுக்குப் பின் இது அவனுக்கு வரும். காத்திருக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

இதுவரை உங்களை மட்டும் இகழ்ந்துகொண்டிருந்தேன். அது சுகமாக இருந்தது, குளிரில் கம்பளிக்குள் கால் நீட்டுகிற மாதிரி. இப்போது அந்தக் கம்பளியை உங்களோடு பங்கு போட வேண்டியிருக்கிறது. இதற்காகவும் உங்களை மன்னிக்க மாட்டேன்.

பாத்திரத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். துடைக்கவில்லை. பதினொரு கடல் தாண்டியும் கிடைக்காத பெருமை அதற்கு என் தங்கையின் அறையில் கிடைத்தது. சுவரில் மாட்டும்போது அதைச் சொல்லி மாட்டுங்கள்.

கூடவே ஒரு பீப்பாய் விலாங்கு, நம் குளத்தில் பிடித்தது. கொழுத்தவை. வயதானவர்களுக்கு ஆகாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இடோனியா


ஸ்டோக்
புனித சுவிதின் திருநாள்

இடோனியா,

இதுவும் என் கை.

பாத்திரம் வந்தது. மாட்டவில்லை. என் படுக்கை அருகே வைத்திருக்கிறேன்.

விலாங்கு வந்தது. வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு நான் அதைத் தொடுவதில்லை. உன் மகன் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

எப்போது காலி செய்கிறாய் என்று வால்ட்டர் கேட்கச் சொல்கிறான். அவன் கேட்கிறான். நான் கேட்கவில்லை. கூரை போட்டவள் ஒரு மழைக்காலமாவது அது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

கல் செதுக்குபவன் வந்து உட்கார்ந்திருக்கிறான். அமிசியா பெயரை முடித்துவிட்டான். கீழே இடம் விட்டிருக்கிறான். சாமியாரிடம் கேட்டேன். "பேர் வச்சவங்ககிட்டயே கேளுங்க ஐயா, அப்படித்தான் அந்த அம்மா சொல்லியிருக்காங்க" என்கிறார். உன் வேலை. நான் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்தாய்.

கேட்கிறேன். என் மகன் பெயர் என்ன?

ஹாமோ


ஆல்டர்கோட்
மதலேன் மரியாள் திருநாள்

மைத்துனர் அவர்களுக்கு,

கூரை ஒழுகாது. நான் போட்டது. இருந்தாலும் மழைக்காலம்வரை இருந்து பார்க்கிறேன். உங்கள் ஆட்கள் ஏணி ஏறினால் அவர்கள் விழுவார்கள் அல்லது கூரை விழும்.

கையில் தண்ணீரை அள்ளியபோது என் நாக்கில் இருந்தது என் அப்பாவின் பெயர். என் மூத்தவனுக்கும் வைத்த பெயர், பெயின் என்றுதான் சொல்லப் போனேன். அமிசியா என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு அப்போதே குரல் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. "அவரு பேரு வை, அக்கா. அவருக்குப் புடிக்கும்." மூன்று வருடம் உங்களோடு வாழ்ந்தும் அவளுக்குப் புத்தி வரவில்லை. சாகிறவள் கேட்கும்போது மறுக்க முடியுமா? வைத்தேன். இல்லாவிட்டால் அந்தப் பெயரை என் பட்டிக் கடாவுக்குக்கூட வைத்திருக்க மாட்டேன்.

ஹாமோ என்று செதுக்கச் சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். கோவிலுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு நீங்கள்தான் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று நினைத்து ஒரு செபம் சொன்னால், சொல்லட்டும். எப்படியும் அது சேர வேண்டியவனுக்குத்தான் சேரும்.

இடோனியா